வெட்கம் யாருக்கு?

மானம் வேறு, வெட்கம் வேறு. மானம் ஒருவர் தம் உள்ளத்தில் தாமே வளர்த்துக்கொள்வது. வெட்கம் பிறர் கொண்டுவந்து நம் தலையில் ஏற்றிவைப்பது. மானமுடையார் பொய் சொல்ல அஞ்சுவர். வெட்கமுடையாரோ மெய் சொல்லவே அஞ்சுவர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு குழம்பியதால் நம் சமூகத்திற்கு விளைந்த கேடுகள் அநேகம். அவற்றுள் ஒன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். அஃதாவது, ஒரு பெண் இன்னொரு பெண்ணையே தன் வாழ்க்கைத் துணையாக விரும்புவாளாயின், அவள் சாகுமட்டும் வெட்கித் தலைகுனிந்தே வாழவேண்டும் என்று நம்மவர் விதித்திருக்கும் விதியைப் பற்றியதாம்.

இவ்விஷயத்தைத் தமிழ் ஏட்டில் எழுதலாமா, குடும்பப் பெண்கள் படிக்கும் ஏடாயிற்றே என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். குடும்பப் பெண்கள் படிக்கவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். இத்தகைய பெண்கள் ஆகாயத்திலிருந்து குதித்தவரல்லர்; குடும்பங்களிலேதான் பிறக்கின்றனர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் புடவை வாங்கும் கூட்டத்தில் இருக்கின்றனர். பிரிக்பீல்ட்ஸ் மாடி வீடுகளில் இருக்கின்றனர். தோட்டத்து வரிசை வீடுகளிலும் இருக்கின்றனர். யானும் அவர்களுள் ஒருத்தி. செம்பனைத் தோட்டமொன்றின் ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவள்; முப்பது வயதைக் கடந்தவள். ஆதலின் இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

வெட்கம் பிறரால் ஏற்றிவைக்கப்படுவது என்றேன். இதற்குக் கிள்ளான் வட்டாரத் தமிழர்க்குப் புராணத்திலிருந்து உதாரணம் காட்டவேண்டியதில்லை. நம் பாட்டன்மார் சரித்திரமே போதும். 1941-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முதலியோர் அதில் முன்னின்றனர். அவர்கள் கேட்டவை எவை? சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி கேட்டனர்; பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டனர்; கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள்; தங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர். வழியில் துரையையோ ஆபீஸ் உத்தியோகஸ்தரையோ கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்றிருந்த வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது.

சைக்கிளைவிட்டு இறங்குவதால் கைக்காசு குறையாது; வயிறு காயாது. ஆயினும் கூலிக்கும் அரிசிக்கும் சமமாக அதனையும் வைத்துப் போராடினார்களே, ஏன்? நாள்தோறும் இறங்கி இறங்கி, தாம் இறங்கத் தக்கவர்தாம் என்ற எண்ணம் தம் பிள்ளைகளின் நெஞ்சிலும் ஊறிப்போவதைக் கண்டார்கள், அதனால் போராடினார்கள். பட்டாளம் வந்தது; உயிர்ச்சேதம் நேர்ந்தது; நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். ஆனாலும் இன்று எந்தத் தோட்டத்திலாவது எவரேனும் யாரையேனும் கண்டு வண்டியைவிட்டு இறங்குகிறாரா? இல்லை. அன்று இயற்கை போலவும் ஈசன் கட்டளை போலவும் தோன்றிய அவ்வழக்கம் இன்று கேட்போர்க்குச் சிரிப்பாகத் தோன்றுகிறது.

இதில் இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. வெள்ளைத் துரைக்கு மட்டும் அன்று. நம் நிறத்தவராகிய கிராணிமாருக்கும் இறங்கவேண்டியிருந்தது. இறங்கி நின்றவரால் கிராணியாருக்கு ஒரு சல்லியும் வரவில்லை. ஆனால் கீழே ஒருவர் கூனி நின்றால்தானே மேலே நிற்பவர் உயரமாகத் தோன்றுவார்? வெட்கத்தின் சூட்சுமமெல்லாம் இதுவே. எங்கே ஒருவர் காரணமின்றி வெட்கப்படுகிறாரோ அங்கே வேறொருவர் அதனால் இலாபமடைகிறார். பெண்ணை விரும்பும் பெண்ணின் வெட்கத்தால் இலாபமடைவோர் யார்? சம்பந்தம் பேசிச் சீர்வரிசைக் கணக்குப் பார்க்கும் உற்றார். ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று தட்சிணை வாங்கும் பூசாரி. ஊர்வாயைக் காட்டி அதிகாரம் செலுத்தும் பெரிய மனிதர். இவர்களுடைய உயரத்திற்கு எங்கள் கூனல் வேண்டியிருக்கிறது.

நிற்க. எதிர்ப்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, இது மேனாட்டுச் சரக்கு, இங்கிலீஷ் படித்ததனால் வந்த திமிர் என்கின்றனர். ஆங்கிலப் பள்ளியிற் படித்த காரணத்தால் இந்த ஏச்சை நேரிற் கேட்டவள் யான். ஆங்கிலேயர் உண்மையில் நமக்குக் கொடுத்துப்போன சரக்கு எது? 1860-ஆம் ஆண்டு இந்தியாவில் அவர்கள் செய்த குற்றச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. அதே சட்டத்தைப் பார்த்தெழுதி 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கொடுத்தார்கள். அதன் வாரிசே இன்றைய மலேசியக் குற்றச் சட்டம். 1989-ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியபொழுது, தனியிடத்தில் நடப்பினும் ‘பெரும் அநாகரிகச் செயல்’ குற்றமாம் என்று 377டி என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். ஆண் பெண் என்ற பேதமில்லாமல் அஃது எவரையும் பிடிக்கும். இரண்டாண்டு வரை சிறை. ஆக, அன்பு நம்முடையது; அதனைக் குற்றமாக்கிய சட்டமே கப்பலேறி வந்தது.

அவ்வாங்கிலேயர்தாமும் பெண்கள் விஷயத்தில் செய்ததைக் கேளுங்கள். 1921-ஆம் ஆண்டில், பெண்ணோடு பெண் கூடுவதையும் குற்றமாக்கவேண்டும் என்று அவர்கள் பார்லிமெண்டில் ஒரு பிரேரணை வந்தது. பிரபுக்கள் சபை அதனைத் தள்ளிவிட்டது. கருணையினாலா? அன்று. இப்படியொன்று உண்டென்று சட்டத்தில் எழுதினால், அதுகாறும் அறியாத பெண்களும் அறிந்துகொள்வார்களே என்ற அச்சத்தால்! பேர் சொல்லாமலே இருந்துவிட்டால் ஆளே இல்லாமற் போய்விடும் என்பது அவர்களுடைய இராஜதந்திரம். நம் வீடுகளிலும் இதே தந்திரம் நடக்கிறது. அறைந்து திருத்தும் வீடு ஒன்றென்றால், பேச்சே எடுக்காமல் அமுக்கிவிடும் வீடு பத்து. பேரில்லாத பிள்ளையாக வளர்கிறவள், தன்னைப் போல் உலகில் வேறெவரும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறாள். வெட்கத்திற்கு இதைவிட நல்ல எரு வேறில்லை.

படித்த திமிர் என்பதும் பொய். 1987-ஆம் ஆண்டில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் லீலா, ஊர்மிளா என்னும் இரண்டு போலீஸ் பெண்கள் தாமே மணம் செய்துகொண்டனர். அதற்காக வேலையை இழந்தனர். அவர்கள் இலண்டனிற் படித்துத் திரும்பிய சீமாட்டிகளல்லர். மாதச் சம்பளத்திற்கு உத்தியோகம் பார்த்த சாதாரணப் பெண்கள்.

இரண்டாவது, இஃது இயற்கைக்கு விரோதம் என்கின்றனர். இதைத் தோட்டத்து மக்களிடம் சொல்வதுதான் வேடிக்கை. நமக்குச் சோறிட்ட இரப்பர் பிரேசில் தேசத்து மரம். இன்று சோறிடும் செம்பனை ஆப்பிரிக்காவினின்று வந்தது. இங்கே இயற்கையாக இருந்த காட்டை அழித்து, இயற்கையல்லாததை நட்டு, அதனால் வாழ்கிறவர்கள் நாம். அது கிடக்கட்டும். இயற்கையாவது யாது? எவரும் கற்பிக்காமல், எவரும் கட்டாயப்படுத்தாமல் தானே முளைப்பது இயற்கை. எனக்கு இந்த அன்பை எவரும் கற்பிக்கவில்லை. பள்ளியிலும் இல்லை, சினிமாவிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. இதனை மாற்றுவதற்கோ அடி வேண்டியிருந்தது, வேப்பிலை வேண்டியிருந்தது, எலுமிச்சம்பழம் வேண்டியிருந்தது. என் உறவினர் ஒருவர் என்னைப் பேயோட்டியிடம் கொண்டுபோய் மூன்று வாரம் அலைக்கழித்தார். தானே முளைத்ததைச் செயற்கையென்றும், தடியெடுத்து நட்டும் வேர்விடாததை இயற்கையென்றும் சொல்வது என்ன நியாயம்?

மூன்றாவது, இது நோய் என்கின்றனர். வைத்தியர் சொல்லட்டும். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 1973-ஆம் ஆண்டிலேயே இதனை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலகச் சுகாதார ஸ்தாபனம் 1990-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் எடுத்துவிட்டது. ‘மாற்றுகிறோம்’ என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. நோயல்லாததற்கு மருந்து கொடுப்பவன் வைத்தியனா, வஞ்சகனா? உண்மையில் நோயாவது, விரும்பியதை வெறுக்குமாறு ஒரு சிறுமியைப் பழக்குவதால் அவளுக்கு வரும் தூக்கமின்மையும் தன்னைத் தானே வெறுத்தலும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமுமே. அந்நோயைக் கொடுத்தவர்கள் நாம். மருந்தும் நம்மிடமே உள்ளது.

நான்காவது, குடும்ப மானம் போய்விடும் என்கின்றனர். இதற்குத்தான் விரிவாக விடை கூறவேண்டும்.

தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் நடந்த வழக்கு இது. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழும்பொருட்டுச் சென்னைக்கு வந்துவிட்டனர். பெற்றோர் ‘காணவில்லை’ என்று புகார் கொடுத்தனர். போலீஸார் தேடி வந்தனர். பெண்கள் பாதுகாப்புக் கோரிச் சென்னை ஹைகோர்ட்டை அடைந்தனர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வழக்கு வந்தது. அவர் பெண்களையும் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பியதோடு நிற்கவில்லை. இவ்விஷயத்தைத் தாமும் சரிவர அறிந்திலர் என்பதை உணர்ந்து, தாமே அவ்வாலோசகரிடம் சென்று பாடம் கேட்டார். கேட்டதைத் தம் உத்தரவிலேயே எழுதினார். அவ்வாண்டு ஜூன் 7-ஆம் நாள் உத்தரவிட்டார். வயது வந்த இருவர் தம் சம்மதத்துடன் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸார் புகாரை முடித்துவிடவேண்டும் என்றும், ‘மாற்றுச் சிகிச்சை’ செய்யக்கூடாது என்றும் அதிற் கண்டது. மறு ஆண்டில் போலீஸாரின் நடத்தை விதிகளிலும், இத்தகையாரைத் துன்புறுத்தக்கூடாதென்று தமிழ்நாட்டு அரசாங்கம் ஒரு விதி சேர்த்தது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலொன்றையும் அரசிதழில் வெளியிட்டது. ஏச்சுச் சொல் அல்லது ஆங்கிலச் சொல் என்றிருந்த நிலை மாறி, தன்பாலீர்ப்பு என்று தமிழில் தலைநிமிர்ந்து சொல்ல வழி பிறந்திருக்கிறது.

ஹைகோர்ட் நீதிபதியே கீழே அமர்ந்து கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. நம் சங்கத் தலைவர்களும் ஆலயக் கமிட்டியாரும் மட்டும் கற்க வெட்கப்படுகிறார்கள்!

மற்றொரு வழக்கு 2025-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் அதே ஹைகோர்ட்டில் தீர்ந்தது. 25 வயதுடைய ஒரு பெண்ணை அவள் குடும்பத்தார் கட்டாயமாகக் கொண்டுபோய் அடைத்துவைத்து, அடித்து, ‘சரியாக்குவதற்கு’ச் சடங்குகளும் செய்தனர். அவளுடைய துணைவி ஆட்கொணர்வு மனுப் போட்டாள். நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் அப்பெண்ணையே நேரில் கேட்டனர். அவள் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னாள், விடுவித்தனர். விவாகம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று. மனமொத்துத் தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று கூறினர். இந்தியச் சுப்ரீம் கோர்ட்டு 2023-இல் இத்தகையாருக்கு விவாக உரிமை தர மறுத்துவிட்டது மெய்; எனினும் கூடி வாழும் உரிமையை எவரும் பறிக்க இயலாது என்பது இத்தீர்ப்பால் விளங்கிற்று.

இனிக் கேட்கிறேன். இவ்வழக்குகளில் குடும்ப மானத்தைக் கெடுத்தவர் யார்? அன்பு செய்தவளா, பெற்ற பெண்ணை அடைத்துவைத்து அடித்தவர்களா? பிடிக்காதவளை மிரட்டி மணவறையில் உட்காரவைக்கிறீர்களே, பக்கத்தில் அமர்ந்திருக்கும் அந்த மாப்பிள்ளை என்ன பாவம் செய்தான்? அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளையல்லவா? அன்பில்லாத மனைவியோடு, காரணமும் அறியாமல், தன்னிடமே ஏதோ குறையென்று அவன் ஆயுள் முழுதும் வாடவேண்டுமா? ஒரு பொய்க்கு இரண்டு உயிரைப் பலிகொடுத்து, பின்பு பிறக்கும் குழந்தைகளையும் அப்பொய்யிலே வளர்த்து, அதற்கு மானம் என்று பேரிட்டால் மானத்திற்கல்லவா அவமானம்!

இனி நம் நாட்டு நிலைமையைச் சிறிது நோக்குவோம். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் திரெங்கானுவில் இரண்டு முஸ்லிம் பெண்களுக்கு ஷரியா நீதிமன்றத்தில், பலர் கண்முன், ஆளுக்கு ஆறு பிரம்படி கொடுக்கப்பட்டது. சரியாக மூன்றாம் நாள், செப்டம்பர் 6-இல், இந்தியச் சுப்ரீம் கோர்ட்டு வயது வந்தோரின் சம்மதமுள்ள அன்பு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. ஒரே வாரத்தில் இரண்டு உலகம்! ‘ஷரியா நம்மைத் தொடாது, நமக்கென்ன’ என்று நம்மவர் இருந்துவிடலாகாது. 377டி பிரிவு நம்மையும் தொடும். இலங்கையிலோ, ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த குற்றத்தை 1995-இல் திருத்தப் போய்ப் பெண்களுக்கும் விரித்துவிட்டார்கள். பக்கத்துச் சிங்கப்பூர் 2022 நவம்பரில் தன் 377ஏ பிரிவை நீக்கிற்று. கோலாலம்பூரிலே 2008 முதல் நடந்துவந்த ‘செக்சுவாலிட்டி மெர்டேக்கா’ என்னும் விழாவைப் போலீஸார் 2011-இல் தடுத்துவிட்டனர். மெர்டேக்கா என்றால் விடுதலை. அச்சொல்லைக்கூடச் சிலர் மட்டும் சொல்லவேண்டுமாம்.

ஆதலின் என் போன்ற சகோதரிகளுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. மறைத்தல் வேறு, வெட்கப்படுதல் வேறு. மழை பெய்யும்பொழுது குடை பிடிப்பவள் மழைக்கு அஞ்சிச் சாகிறவளல்லள். சட்டமும் உத்தியோகமும் வீட்டாரின் கோபமும் ஒருத்தியை வாய்மூடி இருக்கச் செய்யலாம். அது காலமறிந்து நடத்தலேயன்றிக் கோழைத்தனமன்று. அம்பலத்தில் ஏறி அறிவித்தால்தான் வீரம் என்று கூறும் வெறும் வீரர்களை நம்பவேண்டாம். அடி விழும்பொழுது அவர்கள் உடன் இரார். ஆனால் ஊருக்கு மறைப்பதை உனக்கு நீயே மறைக்கத் தொடங்கினால், அன்றுதான் வெட்கம் உள்ளே குடிபுகுகிறது. வெளிக்கதவைச் சாத்திக்கொள், உள்ளே விளக்கை அணைத்துவிடாதே.

வெட்கம் ஒரு நாளில் ஏறியதன்று. ஒரு நாளில் இறங்கவும் மாட்டாது. அது இறங்கும் வழியை யான் நடந்து கண்ட அளவில் சொல்கிறேன். முதற்படி, உனக்குரிய பேரை மரியாதையான சொல்லால் உன் வாயாலேயே உனக்குச் சொல்லிக்கொள்வது. தனியறையில் ஒருமுறை சொன்னால் நா நடுங்கும். நூறுமுறை சொன்னால் மற்றச் சொற்களைப் போல் அதுவும் ஒரு சொல்லாகிவிடும். இரண்டாம் படி, நம்பத் தக்க ஒரே ஒருவரைத் தேடிக்கொள்வது. தோழியோ, தமக்கையோ, ஆலோசகரோ, ஒருவர் போதும். இருவர் அறிந்த இரகசியம் பாதிப் பாரம். மூன்றாம் படி, சொந்தச் சம்பாத்தியம். கையில் சம்பளமுள்ளவளைக் கட்டாய மணம் செய்துவைப்பது கடினம்; பேயோட்டியிடம் இழுத்துப்போவது அதனினும் கடினம். படிப்பை விடாதே, வேலையை விடாதே, பாங்குப் புத்தகத்தைப் பிறர் கையிற் கொடாதே. நான்காம் படி, உன்னைப் பழித்தவர்களின் குரல் உன் தலைக்குள்ளே பேசும்பொழுது, இது யாருடைய குரல் என்று கேட்பது. பாட்டியின் குரல், வாத்தியாரின் குரல், பக்கத்து வீட்டாரின் குரல் என்று ஒவ்வொன்றையும் உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், எஞ்சி நிற்பது உன் குரல். அதிலே வெட்கம் இராது. எனக்கு இதற்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது. உனக்கு அவ்வளவு பிடிக்கவேண்டாம் என்பதற்கே இக்கட்டுரை.

பெற்றோர்களே! உங்கள் பெண் இதனை ஒருநாள் உங்களிடம் சொன்னால், அவள் உங்களை அவமதிக்கவில்லை. உலகத்திலெல்லாம் உங்களையே நம்பினாள் என்று அறியுங்கள். அன்று உடனே விளங்கிக்கொள்ள முடியாவிட்டாலும் குற்றமில்லை. கையை ஓங்காதீர்கள், மாப்பிள்ளை தேடாதீர்கள், மந்திரவாதியிடம் போகாதீர்கள். ‘சாப்பிட்டாயா?’ என்று வழக்கம்போல் கேளுங்கள். அன்றைக்கு அதுவே போதும்.

சங்கங்களே! ஜாதி ஒழியவேண்டும் என்று மேடை போடுகிறீர்கள்; கூலி என்று இகழாதே என்று தீர்மானம் போடுகிறீர்கள். பிறப்பினால் ஒருவரை இழிவு செய்யலாகாது என்பது உங்கள் கொள்கையானால், அதற்கு ஒரு மூலையில் மட்டும் விதிவிலக்கு வைப்பது எங்ஙனம்? தராசில் ஒரு தட்டுக்கு மட்டும் நியாயம் உண்டோ?

தோட்டத்திலிருந்து பட்டணம் வந்தவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று நகைத்த காலமும் இருந்தது. பள்ளியில் தகப்பன் தொழிலைக் கேட்டால், பால்மரம் வெட்டுகிறார் என்று சொல்லக் கூசிய பிள்ளைகளும் நம்மிடையே இருந்தார்கள். இன்று அவர்கள் மேடையேறித் தம் தாய் தந்தையர் வெட்டிய மரத்தின் கணக்கைப் பெருமையாகச் சொல்கிறார்கள். மரம் மாறவில்லை, தொழில் மாறவில்லை, பார்க்கும் கண் மாறிற்று. அந்தக் கண்ணை எங்கள் பக்கமும் சற்றே திருப்புங்கள் என்பதே எங்கள் விண்ணப்பம். அனுதாபம் வேண்டவில்லை, இடையூறு செய்யாதிருத்தலையே வேண்டுகிறோம்.

வெட்கம் யாருக்கு? அன்பு செய்தவர்க்கன்று, அன்பைக் கண்டு தடியெடுத்தவர்க்கே. சகோதரி, எதிரே யார் வந்தாலும் வரட்டும். உன் பாட்டனார் உயிரைப் பணயம் வைத்து வாங்கிக் கொடுத்த உரிமை அது. வண்டியைவிட்டு இறங்காதே.